கைப்பிசகு அல்ல

எனக்குத் துணி மடிக்கப் பிடிக்கும். வீட்டில் மற்றவர்கள் எழுந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போகிற போர்வைகளை நான்தான் மடிப்பேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நடுவில் ஒரு தட்டுத் தட்டி அடுக்கி வைத்தால் அன்றைய பொழுது ஒழுங்காகத் தொடங்கியதாக ஒரு நிம்மதி. நீங்கள் வெள்ளைத்தாளை நீட்டி, "நடந்ததை உங்க வார்த்தையிலேயே எழுதுங்க சிஸ்டர்" என்றீர்கள். விசாரணை அதிகாரியாக இருந்தும் மரியாதையாகப் பேசினீர்கள். அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் மருத்துவத் துறை ஆள் இல்லை என்பதால் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் மாப் என்றால் தரை துடைப்பது அல்ல. ஒரு சாண் அகலத்தில் சதுரமான வலைத்துணி, நாலைந்து மடிப்பாக வைத்து ஓரம் தைத்தது, ஒரு மூலையில் நாடா. வயிற்றைத் திறந்திருக்கும்போது ரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் அது வேண்டும். ரத்தத்தில் ஊறிவிட்டால் அதுவும் சதையும் ஒரே நிறம். கண்ணால் தேடினால் கிடைக்காது, எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்காக ஐந்து மாப்பை ஒரு கட்டாக நூலால் கட்டி, ட்ரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கித் தியேட்டருக்கு அனுப்புவோம். அங்கே டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக விலக்கி, வாய்விட்டு எண்ண வேண்டும். ஐந்து இருந்தால் போர்டில் ஐந்து என்று ஏறும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கட்டையே வெளியே போட்டுவிட வேண்டும். வயிற்றை மூடும் முன் வெளியே வந்த மாப்புகளை எண்ணி, போர்டில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துவந்தால்தான் தையல். மாப் கட்டுவது என் பொறுப்பு. தியேட்டரில் பிரிப்பது சின்னவளின் பொறுப்பு.

சின்னவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. மாமியார் எங்களைப் பெரியவ, சின்னவ என்று கூப்பிட்டே பழக்கிவிட்டார், ஆஸ்பத்திரியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஒரே வீடு, ஒரே அடுப்படி, காலையில் ஒரே பஸ். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னது நான். அவள் விண்ணப்பத்தை நிரப்பியதும் நான். அப்போது பெரிய டாக்டரின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். அவர் வாயைத் திறக்கும் முன் கத்தரி அவர் கையில் இருக்கும்.

அவள் வந்து இரண்டாம் வருடம் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு முட்டி வலி, மணிக்கணக்கா நிக்க வேணாம். மாப் ரூமைப் பொறுப்பா பாத்துக்கோங்க" என்றார். என் முட்டி வலியை அவரிடம் சொன்னவள் சின்னவள். அக்கறையில் சொன்னாளாம். அதைப் பதவி உயர்வு என்று கேக் வெட்டினார்கள். மறுநாள் முதல் என் இடத்தில் அவள் நின்றாள்.

பொறாமை என் குணத்தில் இல்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடாது. நான் கவனித்ததைத்தான் சொல்கிறேன். சின்னவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையாவது உடைத்தால், கொட்டினால், மறந்தால், உடனே நடுவீட்டில் வந்து நின்று, "நான்தான். என் தப்புதான்" என்பாள். எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். மாமியாரின் கண்ணாடிக் குடுவையை உடைத்த அன்று, "போனா போகுது, இந்த மாதிரி ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்" என்று அவளுக்கு வாய் நிறையப் பாராட்டு. நான் இருபது வருடமாக அந்த வீட்டில் ஒரு டம்ளர் உடைத்ததில்லை. அதற்கு ஒருவரும் என்னைப் பாராட்டியதில்லை.

என் மகள்கூடப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் முதலில் சித்தியிடம்தான் போய்ச் சொல்வாள். ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். "நீ தப்பே பண்ண மாட்டியேம்மா, உனக்குப் புரியாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கும் ஒரு வழக்கம் உண்டு, அதையும் எழுத வேண்டும். வார்டில் ஏதாவது கெடுதல் நடந்து, எல்லாம் கடவுள் சித்தம் என்று யாராவது ஆரம்பித்தால் என்னால் பொறுக்க முடியாது. "அவருக்கு இங்க ட்யூட்டி கிடையாது. யாரு கைன்னு சொல்லுங்க" என்பேன். ட்யூட்டி லிஸ்ட்டைக் காட்டி, இதில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று டாக்டர்களையே கேட்டிருக்கிறேன். அதற்காக என்னைக் கண்டு பயப்படுவார்கள், மதிக்கவும் செய்வார்கள். என்னுடையது என்று அந்த ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

போன மாதம் ஒரு நாள் டீ நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு மாப் எண்ணுவதைப் பற்றி வந்தது. சின்னவள் என் தோளில் கையைப் போட்டு, "அக்கா கட்டுன கட்டைக் கண்ண மூடிக்கிட்டுப் பிரிக்கலாம். எண்ணுனா அது அக்காவுக்கு மரியாதைக் குறைவு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மதியம் தியேட்டர் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நூலை உருவினாள், கட்டை அப்படியே மேஜையில் வைத்தாள், "அஞ்சு" என்றாள். எதிரில் நின்ற நர்ஸ் போர்டில் எழுதினாள். நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு என் வேலையை எண்ணிக்கூடப் பார்க்காத அளவுக்கு அவளுக்குச் சௌகரியம் வந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கணக்கு டீச்சருக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி, எடுக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் மனைவி. முந்தின நாள் கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். எத்தனை நாளில் மாடிப்படி ஏறலாம் என்று என்னைக் கேட்டார். வகுப்பு மூன்றாம் மாடியாம். ஒரு மாதம் ஆகும் என்றேன்.

ஆபரேஷனில் நாலு கட்டு பிரித்தார்கள். போர்டில் இருபது. மூடும் முன் எண்ணியபோது வெளியே இருபது. தைத்தார்கள். ஐந்தாம் நாள் டீச்சர் வீட்டுக்குப் போனார். ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தார், வயிறு உப்பியிருந்தது. மருந்தை மாற்றினார்கள், அப்புறம் இன்னொரு முறை மாற்றினார்கள். பதினாலாம் நாள் காலையில் வேறு வழியில்லாமல் மறுபடி திறந்தார்கள். உள்ளே ஒரு மாப். குடல் அழுகியிருந்தது. மேஜையிலேயே டீச்சர் இறந்துவிட்டார்.

பெரிய டாக்டர் வெளியே வந்து கண்ணாடிக்கடைக்காரரின் தோளைத் தொட்டு, "எங்க கையில என்ன இருக்கு. மேல இருக்கறவன் கூப்பிட்டுக்கிட்டான்" என்றார். பின்னாலேயே வந்த மயக்க மருந்து டாக்டரும் அதையே சொன்னார். வார்டு ஆயா சொன்னார். டீச்சரின் அண்ணன்கூடத் தலையில் அடித்துக்கொண்டு அதையே சொல்லி அழுதார். மாப் ஒரு மூடி போட்ட வாளியில் இருந்தது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்று நானும் யார் கை என்று கேட்கவில்லை. மடித்த விரிப்புகளோடு கதவோரம் நின்றிருந்தேன்.

அப்போது சின்னவள் வந்தாள். உடம்பில் தியேட்டர் அங்கி, அதைக் கழற்றக்கூட இல்லை. நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, இது மேல இருக்கறவர் செஞ்சது இல்ல. அவருக்கு இங்க வேலை கிடையாது. போன ஆபரேஷன்ல ஒரு துணிய உள்ளயே விட்டுட்டோம். கட்டைப் பிரிக்கும்போது எண்ண வேண்டியது நான். எண்ணாமலே அஞ்சுன்னு சொன்னேன். என் கவனக்குறைவு. வேற யாரும் இல்ல, நான்தான்."

டீச்சரின் அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் அவரைப் பிடித்து நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "காலையிலேர்ந்து எல்லாரும் எனக்குக் கடவுளக் காட்டுனாங்க. நீ ஒருத்திதாம்மா உன்னைக் காட்டுன" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சின்னவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதையும் எழுதுகிறேன். நீங்கள் உண்மையைத்தான் கேட்டீர்கள். ட்யூட்டி என்பதை வேலை என்று மாற்றிவிட்டாள், மற்றபடி அது என் வாக்கியம். பல வருடம் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியத்தை அவள் ஒரே ஒரு முறை சொன்னாள், அது அவளுடையதாகிவிட்டது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், பேப்பரில் வந்தது, வழக்கு வரும் என்கிறார்கள். ஆனால் வீட்டில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். மாமியார் முதல் தட்டு அவளுக்குப் போடுகிறார். என் கணவர், "ஜெயிலுக்குப் போனாலும் நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்" என்கிறார். இருபது வருடத்தில் என்னை வைத்து அவர் நெஞ்சை நிமிர்த்தியது எனக்கு நினைவில்லை. என் மகள் சித்தியின் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். நர்ஸ்கள் எல்லோரும் அவளுக்காக மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். பெரிய டாக்டருக்குக்கூட வெட்கம் வந்து, தானும் பொறுப்பு என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவராக நல்லவர் ஆகிக்கொண்டிருந்தார்கள், என்னைத் தவிர.

நேற்று நீங்கள் என்னைக் கூப்பிட்டு அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். ஐந்து இருக்க வேண்டிய கட்டுக்குள் ஆறு மாப் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில்: "அக்காவுக்கு ஒரு கைப்பிசகு வந்திருக்கும். மனுஷக் கைதானே. அதைப் பிடிக்கத்தான் நான் எண்ணணும். எண்ணாதது நான்." நீங்களும் என்னைப் பார்த்து, எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும், கவலைப்பட வேண்டாம் என்றீர்கள்.

கைப்பிசகு. அந்தச் சொல்லோடுதான் ராத்திரி முழுக்கக் கிடந்தேன். பத்தொன்பது வருடத்தில் என் கையில் ஒரு பிசகு வந்ததில்லை. அவள் தன் தப்பை ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், இல்லாத ஒரு தப்பை எனக்கும் கொடுத்து, அதை மன்னித்தும் விட்டாள். அதனால்தான் இன்று காலையில் வந்து உங்களிடம் தாள் கேட்டேன்.

அந்தக் கட்டை நான் புதன்கிழமை மதியம் கட்டினேன். மாப் ரூமில் நான் மட்டும் இருந்தேன். ஆறு என்று எண்ணினேன். மறுபடி ஒரு முறை எண்ணினேன். மற்றக் கட்டுகளுக்கு ஒரு முடிச்சுத்தான் போடுவேன், அதற்கு மட்டும் இரண்டு முடிச்சுப் போட்டேன், பார்த்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு மறுநாள் தியேட்டருக்குப் போக வேண்டிய ட்ரம்மில் மேலாக வைத்தேன்.

நான் போட்ட கணக்கு இதுதான். அவள் எண்ணாமல் ஐந்து என்பாள். கடைசியில் போர்டில் இருபது இருக்கும், வெளியே இருபத்தொன்று வரும். தியேட்டரே அல்லோலகல்லோலப்படும். பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் அவளைக் கிழிப்பார். அவள் மூக்கறுபட்டு நிற்பாள், நான் போய், விடுங்கள் டாக்டர், சின்னப் பெண் என்பேன். டீச்சருக்கு அதில் ஒரு ஆபத்தும் இல்லை. ஒன்று கூடுதலாக வெளியே வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, மூடப்போகிற நேரம் பார்த்து, தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு தியேட்டருக்குள் போனேன். சுவரோரம் நின்றேன். இரண்டு முடிச்சு நூல் ஒரு தட்டில் கிடந்தது, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். பயன்படுத்திய மாப்புகளை ஸ்டாண்டில் வரிசைக்கு ஐந்தாகத் தொங்கவிடுவார்கள். நாலு வரிசை நிரம்பியிருந்தது. ஐந்தாவது வரிசையில் ஒன்று தொங்க வேண்டும், அது காலி. வாளியைப் பார்த்தேன், மேஜைக்கு அடியில் பார்த்தேன், எங்கும் இல்லை. "இருபது. சரியா இருக்கு" என்றாள் சின்னவள். என்னைப் பார்த்ததும் மாஸ்க்குக்கு மேலே அவள் கண் சிரித்தது.

கணக்குச் சரியாக இருந்ததால்தான் ஒன்று உள்ளே இருந்தது. அந்த அறையில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

பெரிய டாக்டர் ஊசியைக் கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். "அட, பெரிய சிஸ்டரே வந்துட்டீங்களா. நீங்க ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. சரியா இருக்கா?" என்றார். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் அவர் என்னைக் கேட்ட கேள்வி அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. "பாத்துட்டேன் டாக்டர். சரியா இருக்கு. தைக்கலாம்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆறு கட்டினேன் என்று சொல்ல வேண்டும். அப்போதும் அவள்தான் முந்திக்கொள்வாள், "அக்கா மேல தப்பில்ல, நான்தான் எண்ணல" என்பாள். எல்லோரும் அவளைத்தான் மெச்சுவார்கள். வேலை போகப்போவது எனக்கு. இப்படி எல்லாம் யோசித்துக்கொண்டு நின்றபோது தையல் முடிந்துவிட்டது. வயிற்றுக்குள் துணியோடு வருடக்கணக்கில் நடமாடியவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்றாவது தெரியவரும், அப்போது சின்னவளைத்தான் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் காய்ச்சலோடு திரும்பி வந்தபின் தினமும் வார்டுக்குப் போனேன். அது என் வேலையே இல்லை, ஆனாலும் போனேன். தலை வாரிவிட்டேன், உதட்டை நனைத்துவிட்டேன். "உள்ள என்னமோ உருட்டிக்கிட்டே இருக்கு சிஸ்டர். கேஸா?" என்று கேட்டார். "கேஸ்தான் டீச்சர், சரியாயிடும்" என்றேன். அந்த மாப்புக்குள் ஒரு நூல் ஓடும், எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் டாக்டர் என்று நான் சொல்லியிருந்தால் போதும். அதற்கு ஆறு கட்டியதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். போகும்போது சின்னவள் அங்கே உட்கார்ந்திருப்பாள், டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். நான் தலை வாரிவிட்டதற்குச் சிரிக்காத முகம் அவள் சொல்லும் அசட்டு ஜோக்குக்குச் சிரிக்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவேன். ஐந்து நாள் அப்படிப் போனது.

ஆகவே இதில் கடவுள் சித்தமும் இல்லை, விதியும் இல்லை. கைப்பிசகு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். தெரிந்து கட்டினேன், தெரிந்து தைக்கச் சொன்னேன், தெரிந்து சாகவிட்டேன். சின்னவளை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இனிமேல் ஒழுங்காக எண்ணுவாள். என் கணவரிடமும் மகளிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு காரியம். கையெழுத்துப் போடும் முன் கண்ணாடிக்கடைக்காரரை இங்கே வரவழையுங்கள். இதை அவர் முன்னால் நின்று என் வாயால் சொல்ல வேண்டும். சின்னவள் அவரிடம் ஒப்புக்கொண்டது வெறும் கவனக்குறைவு. நான் ஒப்புக்கொள்வது கொலை. அவளுக்கே அப்படி ஒரு வார்த்தை சொன்னவர், எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்லத்தானே வேண்டும்.